மாலுமிக்கு லீவு

அனக்லேத்தோ தாவோராவின் குரலைப் பற்றி ரியோ நகரத்து ரோசியோ சதுக்கத்தில் சொல்லப்பட்டதில் பாதி பொய். மீதிப் பாதி இதுதான்: ஒருநாள் மாலை மேடையில் ஒரு துரோகியைப் பார்த்து "நில்" என்றார், தியேட்டருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த டிராம் நின்றுவிட்டது. மின்சாரம் போய் நின்றிருந்தால் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த அங்கத்தில் அவர் "தொலைந்து போ" என்று சொல்லும்வரை வண்டி நகரவில்லை. பயணிகளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, நடுவில் வந்த வசனமெல்லாம் ஓசியில் கேட்டார்கள்.

அப்படிப்பட்ட குரலை வைத்துக்கொண்டு மனிதர் ஊமைப் படத்தில் நடிக்கப் போனாரே என்றால், காரணம் அவருடைய முழங்கால்கள். அந்தக் காலத்து நாடகங்களில் கதாநாயகன் கடைசி அங்கத்தில் சாக வேண்டும். சும்மா சாகக் கூடாது, நின்ற நிலையிலிருந்து பலகை அதிர விழுந்து சாக வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் "இன்னொரு தடவை" என்பார்கள். எழுந்து, தூசி தட்டி, மறுபடி சாக வேண்டும். பாயியா பக்கம் ஓர் ஊரில் விடியும்வரை செத்துக்கொண்டே இருந்ததாக அவர் மனைவி டோனா செஃபெரினா சொல்வாள். அவள் நாடகக்காரர்களுக்கு உடை தைப்பவள். முழங்கால் கிழிந்த கால்சட்டைகளை வைத்தே கணவரின் புகழை அளந்து வைத்திருந்தாள்.

ஐம்பதை நெருங்கும்போது அவரால் மாடிப்படியே ஏற முடியவில்லை. சதுக்கத்தைச் சுற்றி இருந்த நாடகக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக மேடையில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்ட ஆரம்பித்திருந்தன. அப்போதுதான் செராஃபிம் கோத்தோ வந்தார். போர்ச்சுகலிலிருந்து கப்பலேறி வந்து குடைக்கடை வைத்தவர். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கடையைக் காலி செய்து, அதே இடத்தில் நாற்காலி போட்டு சினிமா நடத்தினார். இப்போது சொந்தமாகவே ஒரு படம் எடுக்க ஆசை.

"ஒரே ஒரு தடவை நடிச்சுக் கொடுங்க, சேயு அனக்லேத்தோ" என்றார். 'சேயு' என்றால் அந்த ஊரில் ஐயா என்கிற மாதிரி. "அப்புறம் படம் பாத்துக்கும். உங்களுக்குப் பதிலா அதுவே நடிக்கும், அதுவே விழும், அதுவே சாகும். நீங்க கால் நீட்டி உக்காந்துக்கலாம்."

கால் நீட்டி உட்காருவது என்ற சொல் அனக்லேத்தோவின் காதில் பாட்டு மாதிரி விழுந்தது. காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் செராஃபிம் மீதியைச் சொன்னார். வாயைத் திறந்து திறந்து மூடுகிறவனை ரியோவில் யாரும் காசு கொடுத்துப் பார்க்கமாட்டார்கள். மீன் சந்தையில் அது இலவசம். அதனால் துணிக்குப் பின்னால் ஆள் நின்று, படத்தில் உதடு அசைகிறபோது பேச வேண்டும், பாட வேண்டும். எல்லாக் கொட்டகையிலும் அதுதான் வழக்கம்.

"எத்தனை நாளைக்கு நிக்கணும்?"

"படம் ஓடுற வரைக்கும்தான்."

சதுக்கத்தில் ஒரு நாடகம் வெள்ளிக்கிழமை தொடங்கினால் அடுத்த வெள்ளிக்கு மூச்சு வாங்கும், அதற்கடுத்த வெள்ளிக்குள் அதன் அரண்மனைப் படுதாவைச் சுரண்டி அதிலேயே காடு வரைந்துவிடுவார்கள். ஓடுவது என்றால் அனக்லேத்தோவுக்குத் தெரிந்தது அந்த ஓட்டம்தான். கையைக் கொடுத்தார். நாடகக்காரன் கை கொடுத்தால் கொடுத்ததுதான். ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்தை நடுவில் விட்டு இறங்கியவனுக்கு அதற்குப் பிறகு அந்தச் சதுக்கத்தில் எந்த முதலாளியும் மேடை தரமாட்டான். எழுதாத சட்டம், எழுதிய சட்டங்களைவிட நன்றாக நடந்துகொண்டிருந்தது.

படம் எடுத்தது கத்தும்பி பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில், உச்சி வெயிலில். வெயில் இல்லாமல் படம் பதியாது. கதை எளிது. ஃபெர்னாவோ என்ற இளம் மாலுமி காதலியிடம் விடைபெற்றுக் கப்பலேறுகிறான், புயலில் சிக்குகிறான், வருஷங்கள் கழித்துத் திரும்பி வருகிறான், அவள் வேறொருவனுக்கு மனைவியாகிவிட்டதைப் பார்த்து வாசற்படியில் விழுந்து சாகிறான். ஃபெர்னாவோவுக்கு வயது இருபது. அனக்லேத்தோவின் வயிற்றை டோனா செஃபெரினா தன்னுடைய இறுக்குச் சட்டையால் கட்டி, முகத்தில் மரவள்ளி மாவை அப்பி, முப்பது வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். மீதி பத்தைக் கடவுளிடம் விட்டார்கள். கடல் என்பது துணியில் வரைந்தது. காற்றடித்தபோதெல்லாம் கடல் தூக்கி, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு தெரிந்தது. புயல் காட்சியில் ஒரு கோழி கப்பலின் முன்பக்கமாக நடந்து போனது. அதை எடுக்க வேண்டாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அங்கேதான் அனக்லேத்தோ அந்தத் தப்பைச் செய்தார். வேறு தொழில் செய்கிற எவனும் செய்திருக்க முடியாத தப்பு.

மேடையில் பெரிய வசனம் ஒன்றைச் சொன்னால் கைதட்டல் வரும். அது அடங்கும்வரை, தூக்கிய கையை இறக்காமல், மூச்சை விடாமல், சிலையாக நிற்க வேண்டும். அடங்கியதும் நெஞ்சில் கை வைத்துத் தலையை லேசாகச் சாய்த்து அடுத்த வசனத்துக்குப் போக வேண்டும். இதை அவர் முப்பது வருஷமாகச் செய்துவந்தார். நினைத்துச் செய்வதில்லை, கொட்டாவி மாதிரி தானாக வரும். பின்கட்டிலும் வந்தது. "கடல் என்னை அழைக்கிறது" என்று முழங்கிவிட்டுக் கையைத் தூக்கியபடி நின்றார். தட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. சில்வண்டுகள் கத்தின. அதையே கைதட்டலாக எடுத்துக்கொண்டு, அவை ஓயும்வரை நின்றார். அந்த ஊர்ச் சில்வண்டு சுலபத்தில் ஓயாது. கேமராவைச் சுற்றுகிறவர் ஜெர்மன்காரர், சொன்னதை மட்டும் செய்பவர்; நிறுத்தச் சொல்லாததால் சுற்றிக்கொண்டே இருந்தார். விடைபெறும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை, சாகப் போகும் முன் ஒரு தடவை என்று இப்படியே ஆனது.

படத்தைப் போட்டுப் பார்த்த செராஃபிம் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன இது, ஆளு அடிக்கடி மரமாயிடறான்?"

வெட்டலாம் என்றால், ஒட்டத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. அப்படியே போட்டார்கள்.

முதல் நாள் துணிக்குப் பின்னால் அனக்லேத்தோவும் பெனெதிதாவும் நின்றார்கள். பெனெதிதா முன்பு நாடகங்களில் கூட்டத்தோடு பாடியவள். பருத்த உடம்பு, வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. படத்தில் வரும் காதலி, புயல், கோழி மூன்றும் அவள்தான். தொட்டித் தண்ணீரைக் கலக்கிக் கடல் செய்வாள், தகரத்தை உலுக்கி இடி செய்வாள், அதற்கு நடுவிலேயே "என்னை மறந்துவிடாதே ஃபெர்னாவோ" என்று பதினெட்டு வயதுக் குரலில் அழுவாள்.

"கடல் என்னை அழைக்கிறது" என்றார் அனக்லேத்தோ. துணியில் ஃபெர்னாவோ கையைத் தூக்கினான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கொட்டகையில் சத்தமில்லை. பெனெதிதா சுருட்டை வாயிலிருந்து எடுத்து, "போச்சு" என்றாள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண்மணி, பாவம் பையன் இவ்வளவு நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறானே என்று மனசு கேட்காமல் தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள். மேல்வரிசைவரை பரவியது. தட்டி ஓய்ந்த அந்தக் கணத்தில் துணியில் ஃபெர்னாவோ நெஞ்சில் கை வைத்து, அவர்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான்.

மேல்வரிசையில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "நாம தட்டறது கேக்குதுடா அவனுக்கு."

அவ்வளவுதான். அடுத்த நாள் தெருமுனைவரை வரிசை. ரியோவில் எத்தனையோ படங்கள் வந்தன, போயின. கைதட்டலுக்காகக் காத்திருந்து நன்றி சொல்லுகிற படம் இது ஒன்றுதான். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் நித்தெரோயிலிருந்து ஒரு விதவை வாரம் தவறாமல் படகேறி வந்து, தட்டிவிட்டுப் போனாள். புயலில் நடந்த கோழியைப் பார்த்தவர்களெல்லாம், மிருகங்களின் பெயரில் நடக்கும் அந்த ஊர் லாட்டரியில் சேவல் மேல் பணம் கட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஃபெர்னாவோவுக்கென்று தினமும் சூடான ரொட்டி கொடுத்தனுப்பினார். அதைச் செராஃபிம் சாப்பிட்டார்.

படம் ஓடியது. கார்னிவல் திருவிழா வந்து போனது, படம் ஓடியது. மழைக்காலம் வந்து போனது. இன்னொரு கார்னிவலும் வந்தது; அதில் பாதிப் பேர் ஃபெர்னாவோ வேஷம் போட்டு, தெரு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு டிராமை மறித்து நின்றார்கள். அனக்லேத்தோ துணிக்குப் பின்னால் நின்றார். மதியம் ஒரு காட்சி, மாலையில் அடுத்தடுத்துக் காட்சிகள். உட்கார்ந்து பேசிப் பார்த்தார். குரல் தரையோடு வந்ததால், ஃபெர்னாவோ வயிற்றால் பேசுகிறான் என்று ஜனங்கள் சிரித்தார்கள். மறுபடி நின்றார்.

அவருக்கு வந்த களைப்பு தூங்கினால் போகிற களைப்பு இல்லை. இந்தப் பக்கம் அவருக்கு முடி கொட்டியது, பல் ஆடியது. துணியில் இருந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் அதே உற்சாகத்தோடு படியில் குதித்து இறங்கினான். அவன் குதிக்கும்போது இவருக்கு முழங்கால் வலித்தது. கைதட்டல் வரும். தட்டுகிறவர்களின் நிழல்கூட இவருக்குத் தெரியாது. துணியின் பின்பக்கம்தான் தெரியும், அதில் ஃபெர்னாவோவின் முதுகா முகமா என்று சொல்ல முடியாதபடி வெளிச்சம் கலங்கி இருக்கும்.

"அவன் மேல எனக்கு என்ன கோவம்னா, பெனெதிதா, ஒரு நாள்கூட அவனுக்கு ஜலதோஷம் பிடிக்க மாட்டேங்குது" என்றார் ஒருநாள்.

"பிடிச்சா நீங்கதான் தும்மணும்" என்றாள் அவள்.

இந்த நிலைமையில்தான் ஃபவுஸ்தினோ என்ற நாடக முதலாளி அவரைக் கூப்பிட்டனுப்பினார். சதுக்கத்தில் துணி கட்டாமல் மிச்சமிருந்த ஒரே மேடை அவருடையது. புது நாடகம் போடுகிறார். அதில் வாதம் வந்து கை கால் விழுந்த ஒரு நீதிபதி. சொத்தைத் திருடியது எந்த உறவுக்காரன் என்று தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்து, மூன்றாம் அங்கத்தில் நீளமாகப் பேசி எல்லாரையும் அம்பலப்படுத்துகிறார்.

"நாடகம் பூரா நாற்காலியிலயே, சேயு அனக்லேத்தோ" என்றார் ஃபவுஸ்தினோ. "மொத அங்கத்துல உக்கார்றீங்க. திரை விழற வரைக்கும் எழுந்திரிக்கிறதே இல்ல."

"சாவு?"

"சாவே கிடையாது. கடைசில சூப் குடிக்கிறீங்க."

அனக்லேத்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் ராஜாவாக நடித்திருக்கிறார். அந்த ராஜாகூட சிம்மாசனத்தில் உட்காருவதற்கு முன் குத்தப்பட்டவர். தன் முகத்தோடு, தன் வாயால், தன் வயதில், உட்கார்ந்தபடி பேச ஒரு வேஷம். குரலும் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் தாங்கும், அது அவருக்குத் தெரியும். இதை விட்டால் இன்னொன்று வராது.

"ஆனா சட்டம் உங்களுக்கே தெரியும்" என்றார் ஃபவுஸ்தினோ. "ஓடற ஆட்டத்தை விட்டுட்டு வந்தா நான் சேத்துக்க முடியாது. புனித ஜான் திருநாளுக்குத் திரை தூக்கறேன். அதுக்குள்ள அந்தப் படம் நிக்கணும். நிக்கலைன்னா வேற கிழவனைப் பாத்துக்கறேன். வருத்தத்தோடதான் பாப்பேன்."

அனக்லேத்தோ படத்தைக் கொல்லப் பார்த்தார். முதலில் வசனத்தை மென்று விழுங்கினார். மாலுமிக்குத் துக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று ஜனங்கள் கூடுதலாக அழுதார்கள். பிறகு, விடைபெறும் காட்சியில் "கண்ணே, உன்னைவிட எனக்கு முழங்கால் வலிதான் பெரிசு" என்றார். புது வசனம் சேர்ந்திருக்கிறதாம் என்று செய்தி பரவி, பார்த்தவர்களே திரும்பவும் வந்தார்கள். ஒருநாள் வாயையே திறக்காமல் நின்றார். ஃபெர்னாவோ பேசாததைக் கண்டு முன்வரிசைப் பெண்கள் அவனுடைய வசனத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள், ஓர் எழுத்து பிசகாமல். அவரைவிட நன்றாகவே சொன்னார்கள் என்று பெனெதிதா அபிப்பிராயப்பட்டாள்.

செராஃபிமிடம் நேரிலேயே கேட்டுப் பார்த்தார். "நிறுத்திடுங்களேன், கோத்தோ."

"நானா ஓட்டறேன்? அதுவா ஓடுது. ஓடற குதிரையைச் சுடச் சொல்றீங்களா?"

"குதிரை இல்லய்யா, நான்தான் ஓடறேன்."

"நீங்க நின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க?" என்றார் செராஃபிம். அதுதான் அனக்லேத்தோவின் குறையே.

வீட்டில் டோனா செஃபெரினா கறுப்பு பீன்ஸும் மாவும் தட்டில் போட்டு, அவர் காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னாள். "கிழவரே, இந்தத் திருநாளுக்குள்ள ஆகலைன்னா?"

"ஆகலைன்னா அவன்கூடயே போக வேண்டியதுதான். அவன் சாகமாட்டான். நான் நின்னபடியே போயிடுவேன்."

"நின்னபடியே போனா சவப்பெட்டி செய்யறது கஷ்டம்" என்றாள் அவள், அவர் காலைத் துடைத்துக்கொண்டே. ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

திருநாளுக்கு ஒரு வாரத்துக்கு முன், மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலைக் காட்சியில் அது நடந்தது. அவர் திட்டம் ஒன்றும் போடவில்லை. திட்டம் போடுகிற தெம்பே அவரிடம் இல்லை. "கடல் என்னை அழைக்கிறது" என்று சொன்னார். ஃபெர்னாவோ கையைத் தூக்கினான். ஜனங்கள் தட்டினார்கள். தட்டி ஓய்வதற்கும் அவன் தலையைச் சாய்ப்பதற்கும் நடுவே கொஞ்சம் வெற்று நேரம் இருந்தது. அதில் அனக்லேத்தோ, யாரிடம் என்று இல்லாமல், சாதாரணமாகப் பேசிவிட்டார்.

"எனக்கு அலுத்துப்போச்சுங்க. எத்தனை தடவைதான் கப்பலேறறது? இன்னிக்கு ஒரு நாள் கரையிலயே இருந்துடட்டுமா?"

துணியில் ஃபெர்னாவோ நெஞ்சில் கை வைத்து, மிகவும் பணிவாகத் தலையைச் சாய்த்தான்.

நடுவரிசையிலிருந்து ஒரு கிழவரின் குரல்: "இரு தம்பி. யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"ஆமா, மழை வேற பெய்யுது" என்றாள் ஒருத்தி.

ஆனால் படம் தன் போக்கில் போனது. ஃபெர்னாவோ மூட்டையைத் தோளில் போட்டுக் கப்பலேறினான். அதைப் பார்த்து ஜனங்களுக்கு நெஞ்சு ஆறவில்லை. "கட்டாயப்படுத்தி ஏத்தறாங்க பாரு, பாவி பசங்க" என்று மேல்வரிசையில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான். புயல் வந்தபோது யாரும் ரசிக்கவில்லை. கோழி நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வாசற்படியில் அவன் விழுந்தபோது ஒரு பெரிய பெருமூச்சு எழுந்தது. அவன் செத்ததற்கு இல்லை, கொஞ்ச நேரத்தில் அடுத்த காட்சிக்கு எழுந்தாக வேண்டுமே என்பதற்கு.

"என்ன செஞ்சீங்க நீங்க?" என்றாள் பெனெதிதா, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி.

"தெரியலையே" என்றார் அனக்லேத்தோ.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலில் பெரிய கூட்டம். செராஃபிம் மகிழ்ந்துபோய் இன்னும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். ஒருவரும் உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் விஷயம் தெரியாமல் டிக்கெட் வாங்கப் போனான். துணி வெளுப்பவள் ஒருத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? நீ ஒருத்தன் பாக்கறதுக்காக அந்தப் பையன் இந்த மழையில திரும்பவும் கடலுக்குப் போகணுமா?"

"படம்தானம்மா" என்றான் அவன்.

"வாய் விட்டுக் கேட்டிருக்கான். படமாம்."

அவன் வெட்கப்பட்டுப் போய்விட்டான். திங்களன்றும் அப்படியே. செவ்வாயன்று துறைமுகத்திலிருந்து நிஜ மாலுமிகள் சிலர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, செராஃபிமைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் மூத்தவன் மரியாதையாகவே பேசினான்.

"எங்க கப்பல்லகூட இத்தனை பயணத்துக்கு ஒரு தடவைன்னு கரை லீவு உண்டு, முதலாளி. இந்த ஆளுக்கு நீங்க ஒரு நாள்கூடக் கொடுக்கலைன்னு சொல்றாங்க. நாங்க சண்டைக்கு வரலை. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்." அவன் பின்னால் நின்ற ஒருவன் பெரிய கை உள்ளவன். சும்மா இருக்கட்டுமே என்று அதை அவ்வப்போது மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

செராஃபிம் படச் சுருளைத் தகரப் பெட்டியில் வைத்து மூடினார். "குடை விக்கறப்போ மழை பெய்யலைன்னா நஷ்டம்" என்று அனக்லேத்தோவிடம் புலம்பினார். "இப்ப ஜனங்களுக்கு இரக்கம் வந்துட்டா நஷ்டம். இந்த ஊர்ல எந்த வியாபாரத்தைத்தான் பண்றது?"

"படம் நின்னுடுச்சுன்னு ஃபவுஸ்தினோகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிடறீங்களா?" என்றார் அனக்லேத்தோ.

சொன்னார். அனக்லேத்தோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது ஒரு செத்துப்போன பிஷப்பின் நாற்காலி, ஏலத்தில் எடுத்தது. தோல் மெத்தை, இரு பக்கமும் காதுபோல் நீண்ட முதுகு, கால் வைக்க முக்காலி. ஒத்திகையில் அதில் சாய்ந்தபோது அவர் எலும்புகள் ஒவ்வொன்றாக ஸ்தோத்திரம் சொன்னதாக டோனா செஃபெரினாவிடம் சொன்னார். வேஷத்தை நெட்டுருப் பண்ணினார். மூன்றாம் அங்கத்துப் பேச்சைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிப் பார்த்தார். வருஷக்கணக்கில் தன் முகம் பேசுவதை அவர் பார்த்ததில்லை. கொஞ்சம் வாய் கோணிப் பேசுகிறோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு, நீதிபதிக்கு வாதம்தானே" என்றாள் அவள்.

திருநாளன்று தெருவெல்லாம் சொக்கப்பனை. மழைத் தூறலில் புகைந்தது. கொட்டகை நிறைந்திருந்தது. டோனா செஃபெரினா முன்வரிசையில், தானே தைத்த பட்டுச் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். மேடையின் முன்விளிம்பில், தரைக்குள் பதித்த சின்னப் பெட்டியில் சிப்ரியானோ உட்கார்ந்திருந்தார். நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர். முகம் மேடைப் பக்கம், முதுகு ஜனங்கள் பக்கம். அரைச் செவிடு; மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காகிதத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே கிசுகிசுப்பார். அந்த ஊரில் இப்படி ஒருவர் இல்லாமல் எந்த நாடகமும் நடக்காது.

திரை தூக்கினார்கள். நாற்காலியில் நீதிபதி. மருமகன் உள்ளே வருகிறான். அனக்லேத்தோ தலையைத் திருப்பி, முதல் வசனத்தைச் சொன்னார்: "விளக்கு ஏற்ற இந்த வீட்டில் ஆள் இல்லையா?"

மேல்வரிசையில் ஒரு சலசலப்பு.

"டேய். நம்ம மாலுமி."

"சே, இவரு கிழவரு."

"குரலைக் கேளுடா. அவனேதான். என்ன ஆயிட்டான் பாரு."

"லீவு கொடுத்தாச்சுன்னாங்களே. அதுக்குள்ள இங்க வேலைக்குக் கொண்டாந்துட்டாங்களா?"

"நிக்கக்கூட முடியலை பாவம். நாற்காலில வச்சுத் தூக்கியாந்திருக்காங்க."

அனக்லேத்தோவுக்கு அது காதில் விழுந்தது. துணிக்குப் பின்னால் நின்ற காலம்போல் இல்லாமல், பேசியவர்களின் முகமும் தெரிந்தது. அத்தனை முகங்களும் அவரைத்தான் பார்த்தன. நாடகப்படி, இந்த இடத்தில் நீதிபதி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மருமகனும் அவன் மனைவியும் தங்கள் திருட்டுத்தனத்தைப் பேசுவார்கள். பிறகு அவர் கண் விழித்து அவர்களை நடுங்க வைக்க வேண்டும். அவர் கண்ணை மூடினார்.

"உஷ்" என்றது மேல்வரிசை. "தூங்கிட்டான்."

மருமகன் தன் வசனத்தை ஆரம்பித்தான். கீழ்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து, உதட்டில் விரலை வைத்து அவனைப் பார்த்து முறைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். நாற்காலிகள் மெதுவாக நகர்ந்தன. இமையின் இடுக்கு வழியாக அனக்லேத்தோ பார்த்தார்: கொட்டகை முழுவதும் எழுந்து நின்றது. ஆண்கள் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் பட்டுப் பாவாடை சரசரக்காமல் அள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். நித்தெரோய் விதவை தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிறவள்போல் நடந்தாள். வரிசை வரிசையாக, நுனிக்காலில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வெளியே போனார்கள். கதவுகூட கிரீச்சிடாமல் இருக்க யாரோ அதைக் கடைசிவரை பிடித்திருந்தார்கள். ஓரத்தில் ஃபவுஸ்தினோ தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார், அதையும் சத்தமில்லாமல்.

கண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நில்" என்றால் தெருவில் போகிற டிராமே நிற்கும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் நாற்காலி அவ்வளவு நன்றாக இருந்தது. வெளியே தூறல். பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத்தில் நடக்கப் போகிறார்களே என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அந்த நிமிஷத்தில் அவர்கள் போய்விட்டார்கள்.

டோனா செஃபெரினா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் தூங்கினால் குறட்டை விடுவார் என்பது அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பக்கத்து நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

தரைப் பெட்டியில் சிப்ரியானோவுக்கு ஒன்றும் தெரியாது. மேடையில் நாற்காலி இருந்தது, நாற்காலியில் நீதிபதி இருந்தார், காகிதத்தில் வசனம் இருந்தது. நடிகர் வரி மறந்துவிட்டார் என்று எண்ணி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க எடுத்துக் கொடுத்தார். பதில் வராததால் அடுத்த வரியைக் கொடுத்தார். அதற்கடுத்ததையும். மூக்கடைத்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், பக்கம் திருப்பித் திருப்பி, இரண்டாம் அங்கத்தை முடித்து, மூன்றாம் அங்கத்துக்குள் போனார்.

அனக்லேத்தோ கண்ணை மூடியபடி, முக்காலியில் காலை நீட்டி, தன் வேஷத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாம் அங்கம் மட்டும் கொஞ்சம் நீளமோ என்று பட்டது.